எந்த ஸ்ப்ரே கன் வாங்குவது? கம்ப்ரஸரிலிருந்து ஆரம்பியுங்கள்

ஹார்டுவேர் கடைக்குப் போய், "அண்ணே, நல்லதா ஒரு ஸ்ப்ரே கன் கொடுங்க" என்று கேட்டால் கண்டிப்பாகக் கிடைக்கும். கண்ணாடி அலமாரிக்குள் பத்துப் பன்னிரண்டு தொங்கிக்கொண்டிருக்கும். இருப்பதிலேயே பளபளப்பானதை எடுத்து மேஜைமேல் வைப்பார்கள். என் முதல் கன்னை நான் அப்படித்தான் வாங்கினேன்.

அது மேலே கப் வைத்த எச்.வி.எல்.பி. கன், அதாவது காற்றை அதிகமாகவும் அழுத்தத்தைக் குறைவாகவும் பயன்படுத்தும் வகை. கார் டிங்கரிங் பட்டறைகளில் எல்லாம் அதுதான் ஓடுகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்னிடம் இருந்ததோ 1 எச்.பி. கம்ப்ரஸர், 50 லிட்டர் டாங்க். ஒரு பீரோ கதவில் பாதிகூட முடியவில்லை, கன்னின் சத்தம் மாறிவிட்டது. பனிபோல விழுந்துகொண்டிருந்த பெயிண்ட் சொட்டுச் சொட்டாகத் தெறிக்க ஆரம்பித்தது. கதவின் மேல்பாதி கண்ணாடி, கீழ்பாதி பலாப்பழத் தோல். கன் சரியில்லை என்று கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் இருந்த 3 எச்.பி. கம்ப்ரஸரில் அதே கன்னை மாட்டி ஒரு அட்டையில் அடித்துக் காட்டினார். பட்டுப்போல விழுந்தது. "வீட்ல என்ன கம்ப்ரஸர் வெச்சிருக்கீங்க?" என்று அப்போதுதான் கேட்டார். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நானும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் கன் கடைசியில்தான் வரும். முதலில் எதன்மேல் அடிக்கப்போகிறோம், அடுத்து என்ன பெயிண்ட், அதற்கடுத்து கம்ப்ரஸர். இந்த மூன்றும் முடிவானால் கடையில் தொங்கும் பன்னிரண்டில் பத்து தானாகக் கழிந்துவிடும்.

கன் செய்யும் வேலை

பழைய இஸ்திரிக்காரர்கள் வாயில் தண்ணீரை வைத்துத் துணிமேல் 'ஃபூ' என்று ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒழுகாமல் தூறலாக விழும். மூச்சின் வேகம் தண்ணீரைக் கிழித்துத் துகளாக்குகிறது. ஸ்ப்ரே கன் செய்வதும் அதே வேலைதான். துகள் எவ்வளவு நுண்ணியதாக, எவ்வளவு ஒரே அளவாக இருக்கிறதோ அவ்வளவு வழவழப்பாகப் பரப்பு அமையும்.

இந்தக் கருவிக்கு மூலமே ஒரு மருத்துவக் கருவிதான். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற தொண்டை மருத்துவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் தூவுவதற்கு ஒரு சின்னக் கருவி செய்து 1888இல் தொழிலாகவே தொடங்கினார். அவர் மகன் தாமஸ் 1907இல் அதே தத்துவத்தைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். இன்றும் அந்தக் குடும்பப் பெயரிலேயே கன்கள் விற்கின்றன.

துகளாக்க இரண்டு வழி உண்டு. காற்றைக் கொண்டு பெயிண்டைக் கிழிப்பது ஒன்று. காற்றே இல்லாமல், பெயிண்டை மிகப்பெரிய அழுத்தத்தில் ஒரு ஊசித் துளை வழியாகத் தள்ளுவது இன்னொன்று. வயலில் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் இரண்டாவது வகையின் தம்பி. கம்ப்ரஸரில் மாட்டும் கன்கள் எல்லாம் முதல் வகை, ஏர்லெஸ் என்பது இரண்டாவது.

முதல் படி: எதன்மேல் அடிக்கப்போகிறீர்கள்?

இதற்கு நேர்மையான பதில் வேண்டும். "எல்லாத்துக்கும் ஆகணும்" என்று ஆரம்பித்தால் எதற்கும் ஆகாத கன்தான் கையில் வரும்.

வீட்டு ஜன்னல் கிரில்லுக்கு மட்டும்தான், அதுவும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்றால் கன்னே வேண்டாம், பிரஷ் போதும். கம்பிக்குக் கம்பி இடைவெளி இருக்கும் இடத்தில் அடித்தால் பெயிண்டில் பெரும்பங்கு இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும். ஒரே ஒரு பைக் மட்கார்டு, ஒரு சைக்கிள் ஃபிரேம் என்றால் ஸ்ப்ரே டப்பா வாங்கி முடித்துவிடலாம்.

மரவேலை, அதாவது கதவு, கட்டில், வார்ட்ரோப் ஷட்டர் என்று தொடர்ந்து செய்யப்போகிறீர்கள், சீலர், லாக்கர், பி.யூ. (பாலியூரிதேன் பாலிஷ்) அடிக்கப்போகிறீர்கள் என்றால் கம்ப்ரஸர் கன் தேவை. பைக், கார் டச்சப் என்றாலும் அதே. தட்டையான இரும்பு கேட், ஸ்டீல் பீரோ இரண்டும் இதே வகையில் அடங்கும்.

புதுக் கட்டடத்தின் உட்சுவர், சீலிங், குடோன் ஷீட் கூரை, நூறு அடி காம்பவுண்டு சுவர் என்றால் ஏர்லெஸ். ஆனால் ஆள் குடியிருக்கும் வீட்டின் உள்ளே எமல்ஷன் அடிக்க இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். சோபா, டைல்ஸ், ஸ்விட்ச் போர்டு, ஜன்னல் எல்லாவற்றையும் பேப்பர் ஒட்டி மூடவே ஒரு நாள் போகும். அடிப்பது அரை மணி. ரோலரில் அந்த ஒரு நாளிலேயே வேலை முடிந்திருக்கும்.

விநாயகர் சிலை, கொலு பொம்மை போன்ற நுண்வேலைக்கு மினி கன் அல்லது ஏர்பிரஷ். இவற்றின் துளை மிகச் சிறியது, கப்பும் சிறியது, காற்றும் கொஞ்சம்தான் கேட்கும். சின்னக் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் இதில் கவலையில்லாமல் இறங்கலாம்.

இரண்டாம் படி: கம்ப்ரஸர் கணக்கு

இதில்தான் புதியவர்கள் காசைத் தொலைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எல்லோரும் பார்ப்பது அழுத்தத்தை. "என் கம்ப்ரஸர் 8 பார் வரை ஏறும், கன் 2 பார்தானே கேட்குது, போதாதா?" போதாது. அழுத்தம் என்பது காற்று எவ்வளவு முட்டித் தள்ளுகிறது என்பது. நமக்கு வேண்டியது நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பது. அதைத்தான் சி.எஃப்.எம். என்கிறார்கள், நிமிடத்துக்கு இத்தனை கன அடி. தண்ணீர்த் தொட்டியை நாலாவது மாடியில் வைத்திருந்தாலும் குழாய் மெலிந்திருந்தால் வாளி நிறைய நேரமாகுமே, அதுபோல.

கம்ப்ரஸரில் ஒட்டியிருக்கும் தகட்டில் பெரும்பாலும் பிஸ்டன் இடப்பெயர்ச்சியைப் போட்டிருப்பார்கள். அது தாளில் இருக்கும் காற்று. உண்மையில் வெளியே வருவதை எஃப்.ஏ.டி. என்பார்கள், அது எப்போதும் அதைவிடக் குறைவு. எஃப்.ஏ.டி. எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், ஒரு எச்.பி.க்கு மூன்றரை சி.எஃப்.எம். என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

என் பீரோ கதவுக்கு வருவோம். டாங்க் 50 லிட்டர். 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்வரைதான் கன் ஒழுங்காக அடிக்கும். 5 பார் வித்தியாசம், 50 லிட்டர், ஆக 250 லிட்டர் காற்று கையிருப்பு. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம், அதனால் இது ஏறக்குறைய 9 கன அடி. கன் நிமிடத்துக்கு 10 கன அடி கேட்கிறது, கம்ப்ரஸர் மூன்றரை கொடுக்கிறது. பற்றாக்குறை ஆறரை. கையிருப்பு 9 எத்தனை நேரம் வரும்? ஒன்றரை நிமிடம்கூட வராது. கதவு எங்கே கெட்டுப்போனது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தக் கணக்கை உங்கள் கம்ப்ரஸருக்கும் போட்டுப் பாருங்கள். கன் கேட்பதைவிடக் கம்ப்ரஸர் கொடுப்பது அதிகமாக இருந்தால் நிற்காமல் அடிக்கலாம். குறைவாக இருந்தால் டாங்க் கொடுக்கும் நேரத்துக்குள் ஒரு பலகை முடியவேண்டும், பிறகு காற்று நிரம்பும்வரை டீ குடிக்கலாம். சின்ன வேலைக்கு அதுவும் ஒரு வழிதான். காரின் பானட்டுக்கு ஆகாது, நடுவில் நின்றால் கோடு தெரியும்.

ஹோஸும் காற்றைத் தின்னும். மெல்லிய சுருள் ஹோஸை மாட்டிவிட்டு, டாங்க் மீட்டரில் 3 பார் காட்டுகிறதே என்று நம்பாதீர்கள். கன் வாயில் அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். உள்விட்டம் 8 மி.மீ.க்குக் குறையாத ஹோஸ், நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். கன்னின் அடியில் ஒரு சின்ன ரெகுலேட்டர் மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள். ட்ரிக்கரை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது காட்டுவதுதான் உண்மையான அழுத்தம்.

அடுத்தது தண்ணீர். கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றிலேயே ஈரம், அழுத்தினால் டாங்க் அடியில் தண்ணீர். தினமும் காலையில் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். கன்னுக்கு முன்னால் ஈரப் பிரிப்பான் உள்ள ஃபில்டர் ரெகுலேட்டர் ஒன்று அவசியம். கடையில் எண்ணெய் விடும் குப்பியும் சேர்ந்த செட்டை நீட்டுவார்கள். அந்த எண்ணெய்க் குப்பி டிரில்லுக்கும் ரெஞ்சுக்கும் நல்லது, பெயிண்டுக்கு எமன். காற்றில் ஒரு துளி எண்ணெய் வந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகும், மீன்கண் என்பார்கள். எண்ணெய்க் குப்பி இல்லாத செட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: கன் வகைகள்

கம்ப்ரஸர் கன்னைக் கப் இருக்கும் இடத்தை வைத்து ஒரு முறையும், காற்றைப் பயன்படுத்தும் விதத்தை வைத்து ஒரு முறையும் பிரிக்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேல்கப் கன் எல்லாம் எச்.வி.எல்.பி. கிடையாது.

கீழ்கப் கன்தான் நம் ஊர்ப் பட்டறைகளின் பழைய ஆள். ஒரு லிட்டர் அலுமினிய கப் கீழே தொங்கும். முன்னால் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பெயிண்ட் குழாய் வழியாக மேலே உறிஞ்சப்படும். கேட், பீரோ, ட்ரெயிலர் போன்ற பெரிய வேலைக்கு ஏற்றது. கப் பெரிது என்பதால் அடிக்கடி நிரப்ப வேண்டாம், மேஜையில் நிற்கவும் நிற்கும். ஆனால் உறிஞ்சுவதற்கே காற்றில் ஒரு பங்கு செலவாகிறது, கப்பின் அடியில் எப்போதும் கொஞ்சம் பெயிண்ட் மிஞ்சும், கட்டியான பெயிண்டை இழுக்காது. ரொம்பச் சாய்த்தால் காற்றை இழுத்துத் துப்பும்.

மேல்கப் கன்னில் பெயிண்ட் தன் எடையாலேயே இறங்குகிறது. குறைந்த அழுத்தமே போதும், கடைசிச் சொட்டுவரை வரும், கொஞ்சம் கட்டியான பிரைமரும் ஓடும். விலை கூடிய பெயிண்டைக் கால் லிட்டர் மட்டும் கலந்து அடிக்கிறவர்களுக்கு இதுதான். புதிதாகக் கற்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். கப் 600 மி.லி. அளவில் வரும்.

பெயிண்டைத் தனி டாங்கில் வைத்து, காற்றழுத்தத்தால் ஹோஸ் வழியே கன்னுக்குத் தள்ளும் பிரஷர் பாட் வகையும் உண்டு. நாள் முழுக்க ஒரே நிறம் அடிக்கும் தொழிற்சாலைக்கு அது. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

இனி காற்று. சாதாரண கன் அதிக அழுத்தத்தில் வேலை செய்யும். துகள் நன்றாக உடையும், வேகமும் உண்டு. ஆனால் அந்த வேகத்தாலேயே துகள்கள் பரப்பில் பட்டுத் திரும்பிப் புகையாக எழும்பும். அடித்த பெயிண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொருளில் ஒட்டும், மீதி தரையிலும் உங்கள் மூக்கிலும்.

எச்.வி.எல்.பி. என்றால் காற்று அதிகம், அழுத்தம் குறைவு. கன்னின் மூக்கில் காற்று வெளியேறும் துளைகள் கொண்ட மூடிதான் ஏர் கேப்; அதன் வாயில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு (ஏறக்குறைய 0.7 பார்) மேல் போகக்கூடாது என்பதுதான் இதன் இலக்கணம். தெற்குக் கலிஃபோர்னியாவின் காற்று மாசு விதிகளால்தான் இந்த வகை பரவியது; அடிக்கும் பெயிண்டில் 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. பெயிண்ட் மிச்சம், புகை குறைவு. பதிலுக்குக் காற்றைக் குடிக்கும். 10 முதல் 15 சி.எஃப்.எம். கேட்பது சகஜம், 3 எச்.பி.க்குக் குறைந்த கம்ப்ரஸரில் மூச்சு வாங்கும்.

எல்.வி.எல்.பி. இரண்டுக்கும் நடுவே வந்தது. காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. பெரும்பாலும் 4 முதல் 6 சி.எஃப்.எம்.க்குள் வேலையை முடித்துவிடும். கை கொஞ்சம் மெதுவாகத்தான் நகரவேண்டும். 1 எச்.பி., 2 எச்.பி. கம்ப்ரஸர் வைத்திருக்கும் வீட்டுப் பட்டறைக்கு என் சிபாரிசு இதுதான், அதுவும் மேல்கப்பில். நான் முதலில் வாங்கியிருக்க வேண்டியதும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் எச்.வி.எல்.பி. என்று பெரிதாக அச்சடித்துவிட்டு உள்ளே சாதாரண கன் வைத்து விற்பதும் நடக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் காற்றுத் தேவையும் உள்நுழையும் அழுத்தமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான எச்.வி.எல்.பி. பெரும்பாலும் 2 பார் அளவில் அழுத்தம் கேட்கும். 4 பார், 5 பார் என்று போட்டிருந்தால் பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்.

கம்ப்ரஸரே வேண்டாம் என்பவர்களுக்குப் பிளக்கில் சொருகி அடிக்கும் எலெக்ட்ரிக் கன் இருக்கிறது. உள்ளே ஒரு ஊதி மோட்டார், அவ்வளவுதான். கேட், நாற்காலி, கோழிக்கூண்டுக்கு நன்றாகவே உதவும். துகள் கொஞ்சம் பெரிதாக விழும், அதனால் கார் பெயிண்டையும் உயர்ரக பி.யூ. பாலிஷையும் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்று, மோட்டாரில் பொறி பறக்கக்கூடும். தின்னர் கலந்த லாக்கரை மூடிய அறைக்குள் இதில் அடிப்பது நெருப்போடு விளையாடுவது.

ஏர்லெஸ்: கையில் ஊசி குத்தினால் சும்மா இருக்காதீர்கள்

ஏர்லெஸ் இயந்திரத்தில் பம்பு பெயிண்டை 2000, 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஏற்றும். கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். கன்னின் நுனியில் இருக்கும் டிப் என்ற சின்னத் துண்டுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

டிப்பில் 517 என்று ஒரு எண் இருக்கும். முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்குங்கள்: 10. ஓரடி தூரத்தில் பிடித்தால் பெயிண்ட் 10 அங்குல அகலத்துக்கு விழும். கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. சுவர் எமல்ஷனுக்கு 517 நல்ல ஆரம்பம். கதவுக்கு எனாமல் என்றால் 310, 312 போலச் சின்னது. டிப் தேயும் பொருள். தேயத் தேயத் துளை பெரிதாகி விசிறி குறுகும், பெயிண்ட் வீணாகும். இயந்திரம் எவ்வளவு பெரிய டிப்பைத் தாங்கும் என்பது அதன் குறிப்பில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

இந்த அழுத்தத்தில் டிப்புக்கு முன்னால் விரல் போனால் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே பார்த்தால் முள் குத்தியதுபோல ஒரு புள்ளி, வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதையெல்லாம் பெயிண்டும் தின்னரும் பரவிக்கொண்டிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் விரலை எடுக்க நேரிடலாம். பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அப்போதே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அதிக அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அடைப்பெடுக்கும்போது இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, ட்ரிக்கரைப் பூட்டிய பிறகுதான் டிப்பைத் தொடவேண்டும். டிப் காப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அடிப்பவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

நான்காம் படி: நாசில் அளவு

கம்ப்ரஸர் கன்னில் துளை மி.மீ. கணக்கு. பெயிண்ட் எவ்வளவு தண்ணியாக இருக்கிறதோ அவ்வளவு சின்னத் துளை. கார், பைக் மேல்கோட்டுக்கும் கிளியருக்கும் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) 1.3 அல்லது 1.4. மர லாக்கர், பி.யூ.வுக்கு 1.5இலிருந்து 1.8 வரை. பிரைமர் சர்ஃபேஸருக்கு 1.6இலிருந்து 2.0. ஒரே ஒரு கன்தான் வாங்க முடியும், மரமும் இரும்பும் கலந்து வரும் என்றால் 1.5 எடுத்துக்கொள்ளுங்கள், எதிலும் சிறந்ததில்லை, எதிலும் கைவிடாது. பிறகு வருமானம் வந்ததும் பிரைமருக்கென்று மலிவான இரண்டாவது கன் ஒன்று வாங்கிவிடுங்கள். பிரைமர் அடித்த கன்னில் கிளியர் அடித்துத் தூசி பொறுக்குவது எல்லோரும் ஒருமுறை கட்டும் ஃபீஸ்.

பெயிண்ட் வெளியே வரும் துளையான நாசில், அதைத் திறந்து மூடும் ஊசியான நீடில், ஏர் கேப் மூன்றும் ஒரு செட். நாசிலை மட்டும் மாற்றினால் நீடில் சரியாக உட்காராமல் ஒழுகும்.

துளை சரியாக இருந்தும் பெயிண்ட் கட்டியாக இருந்தால் பயனில்லை. கட்டை குச்சியில் எடுத்துச் சொட்டுவதைப் பார்த்தே அளவு சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. நமக்கு ஃபோர்டு கப் பி4 போதும். கப்பை நிரப்பி, அடித்துளையை விட்டதும் எத்தனை வினாடியில் தாரை அறுகிறது என்று பார்ப்பது. கன்னில் அடிக்கும் பெரும்பாலான பெயிண்டுக்கு 20 வினாடி சுற்றுவட்டாரம். பெயிண்ட் டப்பாவின் குறிப்பில் வேறு எண் இருந்தால் அதைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஐந்தாம் படி: கடையில் கையில் வாங்கிப் பார்ப்பது

கன்னைக் கையில் பிடித்து ட்ரிக்கரை மெதுவாக இழுங்கள். பாதி இழுப்பில் காற்று மட்டும், முழு இழுப்பில்தான் பெயிண்ட் என்று இரண்டு நிலை தெளிவாகத் தெரியவேண்டும். பின்பக்கத் திருகைக் கழற்றி நீடிலை வெளியே எடுத்து மேஜைமேல் உருட்டுங்கள். வளைந்திருந்தால் துள்ளும். ஏர் கேப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளைகள் எல்லாம் சுத்தமான வட்டமாக இருக்கவேண்டும். பிசிறு இருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சார்ந்த பெயிண்டும் அடிப்பீர்கள் என்றால் நாசிலும் நீடிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள்.

கடைசியாக, "இதுக்கு பேக்கிங், நாசில் செட் தனியா கிடைக்குமா?" என்று கேளுங்கள். பேக்கிங் என்பது கசிவைத் தடுக்கும் வாஷர்கள். கிடைக்காது என்றால், எவ்வளவு மலிவானாலும் அது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கன். டெவில்பிஸ், இவாட்டா போன்ற பெயர்களின் விலை முதல் கன்னுக்குத் தேவையில்லை. கை பழகும்வரை கீழே விழும், நீடில் வளையும், அடைக்கும். உதிரி கிடைக்கும் நடுத்தர கன் ஒன்றில் ஆறு மாதம் பழகுங்கள்.

கன்னோடு சேர்த்தே முகமூடியும் வாங்கிவிடுங்கள். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் தூசிக்குக்கூடப் பற்றாது, தின்னர் ஆவிக்கு ஒன்றுமே செய்யாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய ரப்பர் முகமூடி வேண்டும். ஹார்டனர் கலக்கும் இரண்டு டப்பா பி.யூ.வில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மணம் தெரியாமலேயே நுரையீரலைக் கெடுத்து நிரந்தர ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். அதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடிதான் முறை. அது இல்லாதவரை அந்தப் பெயிண்டைத் தொடாமல் வேறு வேலை எடுப்பது நல்லது.

முதல் நாள்

கப்பில் பெயிண்டை வடிகட்டி ஊற்றுங்கள். வாசலில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை நிறுத்தி, ஒரு சாண் தூரத்தில் கன்னைப் பிடித்து ஒரு நொடி மட்டும் அழுத்திவிட்டு விடுங்கள். நீள்வட்டமாக, மேலும் கீழும் ஒரே அளவாக விழவேண்டும். நடுவில் மட்டும் தடிமனாக இருந்தால் பெயிண்ட் கட்டி அல்லது காற்று குறைவு. நடுவில் வெளிறி இரண்டு பக்கமும் பிரிந்தால் காற்று அதிகம். வாழைப்பழம்போல வளைந்தால் ஏதோ ஒரு துளை அடைத்திருக்கிறது. ஏர் கேப்பை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். வளைவும் திரும்பினால் அடைப்பு கேப்பில், திரும்பாவிட்டால் நாசிலில்.

பிறகு கை. மணிக்கட்டை ஆட்டி விசிறக்கூடாது, தோளிலிருந்து கை முழுவதும் பலகைக்கு இணையாக நகரவேண்டும். பலகைக்கு வெளியே ட்ரிக்கரை அழுத்தி உள்ளே வந்து, மறுபக்கம் வெளியே போன பிறகு விடவேண்டும். அடுத்த வரி முந்தைய வரியின் பாதிமேல் ஏறவேண்டும். வழிந்தால் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள் அல்லது கிட்டே நிற்கிறீர்கள். தொட்டால் உப்புத்தாள்போலச் சொரசொரத்தால் தள்ளி நிற்கிறீர்கள், பெயிண்ட் வழியிலேயே காய்ந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் இரண்டாவது அடிக்கடி நடக்கும், மெதுவாக உலரும் தின்னருக்கு மாறுங்கள். ஐப்பசி அடைமழையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் மேலே பால் ஊற்றியதுபோல வெளுக்கும். அதற்கு உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலக்கலாம். நானாக இருந்தால் வாடிக்கையாளருக்கு ஃபோன் போட்டு, மழை விடட்டும் என்று சொல்வேன்.

வேலை முடிந்ததும் கன்னை அப்படியே தின்னர் வாளியில் ஊறப்போடுவது பல பட்டறைகளில் வழக்கம். பேக்கிங் எல்லாம் உப்பிப் போகும், காற்று வழியில் பெயிண்ட் கரைந்து இறங்கும். கப்பில் கொஞ்சம் தின்னர் ஊற்றி அடித்து, ஏர் கேப்பையும் நாசிலையும் மட்டும் கழற்றிப் பிரஷால் கழுவினால் போதும். துளை அடைத்திருந்தால் பல்குச்சி. கம்பியோ ஊசியோ விட்டால் துளை கெட்டு, கேப்பே வீண். நீடில் நழுவும் இடத்தில் சிலிகான் இல்லாத எண்ணெய் ஒரு சொட்டு.

மேல்கப் கன் மேஜையில் நிற்காது, சாய்ந்து விழுந்து ஏர் கேப் நசுங்கும். வாங்கிக்கொண்டு வந்த அன்றே சுவரில் ஒரு கொக்கி அடித்து வையுங்கள்.